ஹைப்போவில் குறைந்த வெள்ளி

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கெமிஸ்ட்ரி முடித்ததும் சூளகிரியில் ஒரு ஷெட் பிடித்து, போட்டோ ஸ்டுடியோக்கள் கழுவி ஊற்றும் ஹைப்போவிலிருந்து வெள்ளி எடுக்க ஆரம்பித்தேன். பிலிமைக் கழுவும்போது அதிலிருக்கும் வெள்ளி அந்தத் தண்ணீரில்தான் இறங்கும். கரண்ட் விட்டால் தகட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். சாக்கடைத் தண்ணிக்கா காலேஜ் போனே என்று கேட்ட அப்பா, முதல் தகட்டைச் சுரண்டிக் காட்டியதும் அதை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோக்காரர்தான் எனக்குப் பெரிய ஆதாரம். செவ்வாய் கடை லீவு. திங்கள் சாயங்காலமே பழைய ஹைப்போவை எனக்குக் கேனில் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்கி வைத்துவிடுவார்.

ஒரு கல்யாண சீசனில், தகட்டில் சாம்பல் பூசின மாதிரிதான் வெள்ளி படிந்தது. அடுத்த வாரம் அதைவிட மோசம். வயரை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கேனிலேயே செம்புக் கம்பியை முக்கினேன். நல்ல ஹைப்போ என்றால் வெள்ளி ஒட்டிக் கம்பி வெளுத்துவிடும். இது சிவப்பாகவே இருந்தது. தண்ணீர் கலக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவரும் இல்லையென்றால் ஷெட்டை மூட வேண்டியதுதான். தெரிந்தும் போய்க் கம்பியை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"என்னண்ணே, பாதிக்குப் பாதி போர் தண்ணியா?"

கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுகிறவர், அன்று தமிழிலேயே இருந்தார். டார்க் ரூமைத் திறந்து காட்டினார். காயப் போட்டிருந்தது ஒரே ஒரு ரோல். பிறகு ஒரு டிஜிட்டல் கேமராவை என் கையில் கொடுத்தார்.

"இந்த மாசம் எல்லாக் கல்யாணமும் இதுலதான். கழுவ ரோல் இருந்தாத்தானே தம்பி உனக்கு வெள்ளி? நான் பழக்கத்துல திங்கக்கிழமையானா மாத்தி ஊத்திட்டிருக்கேன்."

தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொன்னேன். படிச்சவன் முதல்ல கேட்டிருக்கலாம் என்றார், அதோடு விட்டுவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பயம் வரவில்லை. போட்டோவுக்கு வெள்ளி வேண்டாம் என்றால், வேறு எதற்கு வேண்டும்? ஓசூர் மாதிரி கம்பெனிகள் நிறைந்த ஊரில் இதைக் கேட்கவே வேண்டியதில்லை. பெரிய ஸ்விட்சுகளுக்குள் பொறி பறக்கும் இடத்தில் வெள்ளிப் பொட்டு வைக்கிறார்கள். மறுநாள் காலை அப்படி ஒரு கம்பெனி கேட்டில் நின்றேன். வெள்ளியைப் பிரித்துத் தருகிறேன் என்று, கழித்துப் போட்ட பொட்டுகளில் ஒரு மூட்டை கேட்டேன். நாலாவது தடவை போனபோது கொடுத்தார்கள்.

ஆசிடில் கரைத்து உப்புத் தண்ணீர் விட்டேன். பால் திரிந்த மாதிரி வெள்ளி வெள்ளையாக அடியில் இறங்கியது. காலேஜில் டெஸ்ட் டியூப் அடியில் துளியாகப் பார்த்தது, இங்கே பக்கெட்டின் பாதிக்கு நின்றது.