அக்கா பாடும்போது நான் உட்கார்ந்த இடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மோசம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த ரகரம் என்று இன்றும் தடுமாறுவேன். அச்சகத்தில் திருத்திப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் மீறிப் பிழை இருந்தால் அது என்னுடையது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தில் மைக்கை என் கையில் கொடுத்தபோது திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை வருடத் திதிக்கு எழுதித் தருகிறேன்.

அக்கா மீனாட்சிபுரத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னையும் நாலு மாடும் இருந்தன. எனக்கு ஒன்பது வயதில் அப்பா போனார், அடுத்த வருடம் அம்மா. அக்காவுக்கு அப்போது பதினாறு, பதினேழு இருக்கும். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, எனக்குச் சோறு ஆக்கி வைத்துவிட்டு, தோட்ட வேலையையும் பார்த்தார். பெண் கேட்டு வந்தவர்களிடம், "தம்பி பெரியவனாகட்டுமுங்க" என்று சொல்லி அனுப்பினார். நான் பெரியவன் ஆன பிறகு யாரும் கேட்டு வரவில்லை. எனக்கும் அமையவில்லை. இரண்டு பேரும் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

பாட்டு அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ரேடியோவில் கேட்டதைக் கறவை நேரத்தில் பாடுவார். கோயில் பஜனையில் அவர் பாடியதைக் கேட்டு, கானமேளா என்னும் மேடைப் பாட்டுக் கச்சேரிக் குழு நடத்திய கீபோர்டு அண்ணன் வீடு தேடி வந்து அழைத்தார். பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று துணைக்கு நான் போனேன். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் எந்த ஊர்த் திருவிழாவானாலும் முதல் வரிசையில் நடு நாற்காலி என்னுடையது. என்னைப் பார்த்தால் அக்காவுக்குத் தைரியம் என்று நினைத்திருந்தேன். "பாடிகாடு வந்துட்டாரு, இனி ஆரம்பிக்கலாமுங்க" என்று குழுவில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கும்.

ஒரு மாசித் திருவிழாவில், மூன்றாவது பாட்டின் சரணத்தில், மேலே ஏற வேண்டிய இடத்தில் அக்காவின் குரல் நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. மைக் செட்காரர் மைக் போய்விட்டது என்று நினைத்து ஓடிவந்து வேறு மைக் கொடுத்தார். அதிலும் வரவில்லை. மூன்றாவது ஒன்றைக் கொண்டுவந்து தானே "அலோ, அலோ" என்று சொல்லிப் பார்த்தார். ஊர் முழுக்கக் கேட்டது.

"மைக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

கூட்டத்திலிருந்து ஒருவர், "அப்ப மைக்க உட்டுட்டு ஆளை மாத்துங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். "ஊட்டுக்குப் போலாம் சாமி" என்றார். பேச்சு நன்றாகத்தான் வந்தது.

தொண்டை டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். சொந்தக்காரர்கள் கண்ணேறு என்றார்கள், சுற்றிப் போட்டோம். இரண்டு வருடம் அக்கா மேடை ஏறவில்லை. வீட்டிலும் பாடவில்லை. காலையில் குண்டாவில் பால் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தச் சமயத்தில் எங்கள் கிடாரி ஒன்று முதல் கன்று போட்டது. உதைக்கிற மாடு. அக்கா கறக்க உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொள்ளும். கன்றை ஊட்டவிட்டாலும் அவர் கை பட்டதும் நிறுத்திவிடும். ஒரு நாள் மாட்டின் மடியில் கை வைத்தபடியே அக்கா வெகுநேரம் அசையாமல் இருந்தார்.

"தம்பி, இங்க வா. என்ற கால் வெரலப் பாரு."

விரல்கள் மண்ணைக் கவ்விப் பிடித்திருந்தன.

"தோளு காதுகிட்டப் போயிருச்சு. வயிறு கல்லாட்ட இருக்குது. பல்லக் கடிச்சுட்டு இருக்கறேன். இத்தன நாளா இப்படித்தான் உக்காந்திருக்கறேன், எனக்கே தெரியில பாரு."

விரலை விட்டார். தோளை இறக்கினார். வாயைத் தளர்த்தி மூச்சை மெதுவாக வெளியே விட்டார். கொஞ்ச நேரத்தில் பால் இறங்கியது.

மேடையிலும் இதுதான் நடந்தது என்று அக்கா சொன்னார். அன்று முதல் கறவை முடிந்ததும் களத்தில் வெறுங்காலோடு நின்று, எதிரே கூட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்வார். நினைத்ததும் உடம்பில் எங்கே இறுகுகிறது என்று பார்ப்பார். அதை விட்டுவிட்டு ஒரு வரி பாடுவார். மறுபடி இறுகினால் பாட்டை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். மாதக்கணக்கில் இப்படி நடந்தது.

"பயம் போயிருச்சுங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அது எங்க போகுது? எங்க உக்காந்திருக்குதுன்னு தெரியுது. அது போதும்."

கீபோர்டு அண்ணன் ஒரு கல்யாண வரவேற்புக்கு மறுபடி அழைத்தார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார். முதல் பாட்டு நன்றாக வந்தது. இரண்டாவது பாட்டில், முதல் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். குரல் ஆட்டம் கண்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தார்.

மறுநாள் காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கோவிச்சுக்கப்படாது. இனி நீ முன்னால உக்காராத."

"நா என்னுங்க்கா பண்ணுனேன்?"

"நீ ஒண்ணும் பண்ணுல. நா மேல எடுக்கறப்ப நீ மூச்சே உடறதில்ல. நாற்காலியப் புடிச்சுட்டு, மூஞ்சியச் சுருக்கிட்டு உக்காந்திருக்கற. அதப் பாத்தா என்ற தொண்ட அடைக்குது."

சரிங்க்கா என்றேன். மாசித் திருவிழா அன்றும் நான் முதல் வரிசையில்தான் இருந்தேன். அன்று நடந்ததும் என்னால்தானா என்று கேட்க வாய் வரவில்லை. அக்காவும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அது தெரியாது.

அதன் பிறகு பதினெட்டு வருடம் அக்கா பாடினார். மலை மேலே மாட்டுப்பட்டி என்ற ஊர் வரைக்கும் போய்ப் பாடினார். நான் எல்லா நிகழ்ச்சிக்கும் போனேன். மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம் நிற்பேன். பின் திரை முழுதாகக் கீழே வராது. அதன் அடியில் அக்காவின் பாதம் தெரியும். விரல்கள் பலகையில் விரிந்து கிடந்தால் பாட்டு நன்றாகப் போகிறது என்று அர்த்தம். முடிந்ததும் எல்லோரும் கைதட்டும்போது நானும் தட்டுவேன். ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்கே கேட்காது.

குழுவில் புதிதாகச் சேர்ந்த புல்லாங்குழல்காரருக்கு மேடை ஏறும் முன் கை வியர்த்துக் குழல் வழுக்கும். அவரிடம் அக்கா, "பயப்படாதீங்கன்னு நா சொல்லமாட்டனுங்க. இப்ப மூச்சு எங்க நிக்குது, அதச் சொல்லுங்க" என்பார்.

"நெஞ்சுலயே நிக்குதுங்க்கா."

"நிக்கட்டும். மெல்ல வெளிய உட்டுப் பாருங்க."

அவர் இன்றும் வாசிக்கிறார்.

சென்ற வருடம் அக்காவுக்கு நுரையீரலில் நோய் வந்தது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். மூச்சுக்குச் சிரமப்படும் நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் இன்னும் சிரமப்படுவார் என்று பயந்து, ஸ்டூலைத் தலைமாட்டுக்குப் பின்னால், அவர் கண்ணுக்குப் படாத இடத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் மத்தியானம் முழுக்க அப்படியே இருந்தேன். நர்ஸ் சேச்சி வந்து என்னைக் கண்டுபிடித்தார்.

"எந்தா சேட்டா, இங்க ஒளிஞ்சு இருக்கீங்களா? உங்க சேச்சி மத்தியானத்துல இருந்து வாசலையே நோக்கிட்டுக் கிடக்குது."

நான் ஊருக்குப் போய்விட்டேன் என்று அக்கா நினைத்திருக்கிறார். ஸ்டூலை எடுத்து வந்து எதிரே போட்டேன். மூச்சை அடக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அக்கா அதைக் கவனித்துச் சிரித்தார்.

"பரவால்ல, இங்கியே இரு" என்றார்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் அக்கா காலமானார். நான் எதிரில்தான் இருந்தேன்.

கீபோர்டு அண்ணனுக்கும் குழுவினருக்கும், வைத்தியம் பார்த்தவர்களுக்கும், அந்த நர்ஸ் சேச்சிக்கும், நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் மாடுகளைக் கறந்து பார்த்துக்கொண்ட பக்கத்துத் தோட்டத்து மாமா குடும்பத்துக்கும், காரியங்களுக்கு வந்து கூட நின்ற உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். இத்தனை வருடம் நீங்கள் முன்னால் உட்கார்ந்து கேட்டீர்கள். செல்போனில் எடுத்ததைச் சிலர் அனுப்பினார்கள். அதில் முகம் நகத்தளவுதான் இருக்கிறது. நான் மேடைக்குப் பின்னால் போன அந்தப் பதினெட்டு வருடத்தில், மேலே எடுக்கும்போது அக்கா கண்ணை மூடுவாரா, எந்தப் பக்கம் பார்ப்பார், முடித்ததும் சிரிப்பாரா என்பது எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள் இந்தப் பக்கம் வரும்போது வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். நான் அதிகம் பேசமாட்டேன். கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
தம்பி
மீனாட்சிபுரம்
கார்த்திகை மாதம் ஒன்பதாம் தேதி