தொண்ணூறுக்கு வராத முள்

என் கணவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். ஆமா.

பக்கவாதம் வந்து வலது கையிலும் காலிலும் பாதி பலத்தை எடுத்துக்கொண்டது. பேச்சை முழுசாக எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போயிற்று. "வலிக்குதா?" என்று கேட்டால் ஆமா. "வலி இல்லைல்ல?" என்று கேட்டாலும் ஆமா. சோறு போடட்டுமா, போதுமா, படுக்கிறீர்களா, எல்லாவற்றுக்கும் அதேதான். கல்யாணமான நாள் முதல் நான் கேட்ட எதற்கும் உடனே ஆமா சொல்லாத மனுஷன் அவர். ஒரு புடவை வாங்குவதற்குக்கூட நாலு கேள்வி கேட்பார். இப்போது கேட்காமலே எல்லாவற்றுக்கும் சம்மதம். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

வேலூரில் பார்த்த டாக்டர் நல்ல மாதிரி. அவசரப்படாமல் விளக்கிச் சொன்னார். "பேச முடியாம போறது ஒண்ணு. நாம பேசறது புரியாம போறது இன்னொண்ணு. இவருக்கு ஒண்ணுதான் போயிருக்கா, ரெண்டுமே போயிருக்கானு இப்ப சொல்ல முடியாதும்மா. கூட இருக்கிறவங்கதான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்ய? அவர் கண்ணைப் பார்த்துப் பேசினேன், பழைய சண்டைகளை எடுத்துப் பேசினேன், அவருக்குப் பிடிக்காத என் அண்ணனைப் புகழ்ந்துகூடப் பார்த்தேன். ஆமா என்றார். உள்ளே என் மனுஷன் இருக்கிறாரா, இல்லை நான் வெறும் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேனா, இதைத் தெரிந்துகொள்ளத்தான் தவித்தேன். பெங்களூரில் இருக்கும் மகள் தினமும் போன் பண்ணி, "அத்தாவுக்கு ஏதாவது புரியுதாம்மா?" என்பாள். தெரியலடி என்பேன்.

சாயங்காலம் ஆனால் இன்னொன்று நடக்கும். நான் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவியதும் இடது கையால் என் கையைப் பிடித்து, வாசல் கேட்டைக் காட்டுவார். வெளியே போகணும் போல என்று கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் கேட்டருகே நிறுத்துவேன். நின்ற பிறகும் கேட்டையே காட்டுவார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பக் கூட்டி வருவேன். மூளை தடுமாறுகிறது, பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்தில் வேகப் படகுகளின் இன்ஜின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். ஊர் திரும்பியதும் எல்லாரும் வீட்டுக்கு மாடி எடுப்பார்கள், இவர் டர்போ வைத்த பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கினார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டத்தில் தெருவை விட்டு வண்டியை வெளியே எடுக்கவே முடியாத ஊரில், இருநூறு கிலோமீட்டர் வேகம் போகும் கார். வாங்கியதோடு விட்டாரா, ஆயில் சூட்டைக் காட்ட தனியாக ஒரு மீட்டர் வேறு வாங்கி வைத்தார். ஆக, முன்னால் இரண்டு முள். ஒன்று இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்கு, அதாவது கூலன்ட்டுக்கு. இன்னொன்று ஆயிலுக்கு.

செங்கம் ரோட்டில் போகும்போது இரண்டு முள்ளையும் காட்டிப் பாடம் நடத்துவார். "தண்ணி சீக்கிரம் சூடாயிடும். ஆயில் சோம்பேறி. தண்ணி முள்ளு தொண்ணூறு வந்துடுச்சேனு நீ மிதிச்சேனு வை, உள்ள ஆயில் இன்னும் அம்பதுலதான் தூங்கிக்கிட்டு இருக்கும். கெட்டியா இருக்கிற ஆயில் போக வேண்டிய எடத்துக்கு நேரத்துக்குப் போவாது. ஆயிலும் தொண்ணூறு, நூறு வரட்டும். அதுவரைக்கும் மெதுவாத்தான் போவணும். நூத்தி முப்பதைத் தாண்ட விட்டா அதுவும் கெடுதல், நீர்த்துடும்." ரமணாசிரமம் தாண்டும்வரை எங்கள் கார் ஆட்டோவுக்கும் பின்னால் போகும். சைக்கிளில் போகிற வெள்ளைக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போவார்கள். "ஆயிலுக்குக் காட்டற மரியாதையில பாதியை எனக்குக் காட்டுங்க" என்பேன். "நீதான் ஸ்டார்ட் பண்ண ஒடனே கொதிக்கிறியே" என்பார்.

அவருக்கு முடியாமல் போன பிறகு அந்தக் காரை நான் ஓட்டினேன். வாங்கின புதிதில் அவரே சொல்லிக்கொடுத்ததுதான். வேங்கிக்காலில் எனக்கு ஆபீஸ், அவருக்குப் பயிற்சி கொடுக்கும் இடமும் அங்கேயே. மாதம் ஒரு தடவை வேலூர். சித்திரை வெயிலில் அப்படி வேலூர் போகும்போது போளூர் தாண்டி கூலன்ட் குழாய் ஒன்று வெடித்து, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. நான் நடுரோட்டில் அழுதேன். அவர் உள்ளே உட்கார்ந்துகொண்டு, ஆமா ஆமா என்றார்.

வண்டியை இழுத்துவந்து எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் விட்டேன். குழாயை மாற்றியதோடு அவர் இன்னொரு நல்லதும் செய்து வைத்திருந்தார். "இதுல தெர்மோஸ்டாட்னு ஒரு வால்வு இருக்குக்கா. தண்ணி ரேடியேட்டருக்குப் போவாம அடைச்சி வைக்கும், சூடானாத்தான் தெறந்து விடும். குளிர் நாட்டுக்காரன் வச்சது. நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு? கழட்டிட்டேன். இனிமே சூடே ஏறாது பாருங்க."

இங்கே எந்த ஷெட்டிலும் அதுதான் வழக்கம், கழற்றிய பழைய பாகத்தை நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். நாளைக்கு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. கிழிந்த குழாயையும் வால்வையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். டேஷ்போர்டுக்குள் திணித்துவிட்டு, அந்த ஆள் கைக்கு மோதிரம் போடலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மெக்கானிக் சொன்னபடியே சூடு ஏறவில்லை. தண்ணி முள் ஐம்பது, அறுபதோடு நின்றுவிட்டது. எனக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் இவர் பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டி மீட்டர் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார். விரலை மடக்கிக்கொண்டு, டொக் டொக் என்று. தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

"சூடு ஜாஸ்தி ஆயிடுச்சுனு பயப்படறீங்களா?"

"ஆமா."

அன்று ஆவி வந்ததில் மிரண்டு போயிருக்கிறார் என்று நினைத்தேன். ஏசியை நிறுத்தினேன். இன்னும் தட்டினார். வேகத்தைக் குறைத்தேன். அதற்கும் தட்டினார். புளியமரத்து நிழலில் ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வேர்த்து வழிய நின்றேன். "பாருங்க, ஆற வச்சிட்டேன். போதுமா?" என்றேன். ஆமா என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி சீட்டில் தலையை மோதிக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. நோய் முற்றுகிறதோ என்று பயந்து போனேன்.

இப்படியே மாதங்கள் ஓடின. மழைக்காலம் வந்தது. வீட்டிலிருந்து வேங்கிக்கால், வேங்கிக்காலிலிருந்து வீடு, அவ்வளவுதான் ஓட்டம். ஒருநாள் மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்தவர் உதட்டைப் பிதுக்கினார். மூடியின் அடியில் மோர் நுரை மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது.

"ஆயில்ல தண்ணி கலந்துடுச்சுக்கா. தண்ணியும் ஆயிலும் கலக்காம தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இன்ஜினை எறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும். பழைய வண்டி, பிரிச்சா பழையபடி வருமானு நான் சொல்ல முடியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாய்தான் ஓட்டப் போறதில்லையே, குடுத்துடலாமே" என்றார்.

தாழ்த்திச் சொன்னாலும் இவர் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். திடீரென்று டேஷ்போர்டைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் கீழே இழுத்துப் போட்டார். அந்தப் பிளாஸ்டிக் கவர் கையில் கிடைத்தது. மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை. வாங்கப் பார்த்தபோது என் கையைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நான் இஞ்சி தட்டிப் போட்டு டீக்குத் தண்ணீர் வைத்தேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு இவர் அடுப்படிக்கு வந்தார். உடம்பு நன்றாக இருந்த காலத்திலேயே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன். என்னவென்று கேட்பதற்குள், கவரிலிருந்து அந்த வால்வை எடுத்து, கொதிக்கிற டீத் தண்ணியில் போட்டுவிட்டார்.

"யா அல்லா! என்ன பண்றீங்க? டீ போடற பாத்திரம்ங்க அது!"

"ஆமா" என்றார். என் தலையைப் பிடித்துப் பாத்திரத்தின் பக்கம் குனிய வைத்தார். பாதி பலம் போன உடம்பில் எங்கிருந்துதான் அத்தனை வேகம் வந்ததோ.

இஞ்சித் துண்டுகளுக்கு நடுவே அந்தப் பித்தளைச் சாமான் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது அதன் நடுவிலிருந்த வட்டத் தகடு மெல்ல, மிக மெல்ல விலகித் திறந்தது. கரண்டியால் தடுமாறி எடுத்து, குடத்துத் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் மூடிக்கொண்டது. மறுபடி எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். மறுபடி திறந்தது. பிறகு என்னைப் பார்த்தார். வால்வைக் காட்டினார், வெளியே கார் நின்ற பக்கம் காட்டினார். அவர் கண் நிறைந்திருந்தது.

எப்போதோ அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடல் பூராவும் தண்ணீர் இருக்கும்போது படகு இன்ஜினுக்குச் சூட்டைப் பற்றி என்ன கவலை என்று நான் ஒருமுறை கேலி பேசியிருந்தேன். "அதான் கவலையே" என்றார். "ஜில்லுனு கடல் தண்ணி உள்ள பூந்தா இன்ஜின் சூடாவவே சூடாவாது. சூடாவலைனா ஆயில்ல சேர்ற ஈரம் ஆவியாப் போவாது, நுரைச்சிக் கெட்டுப்போவும். படகுக்கே குளிர் தாங்காம வால்வு வைக்கிறான், தெரியுமா?"

மாதக்கணக்கில் அவர் தட்டிக் காட்டியது இதைத்தான். முள் ஏறுகிறது என்றல்ல, ஏறவில்லை என்று. தட்டத் தட்ட நான் ஏசியை நிறுத்தினேன், மெதுவாகப் போனேன், நிறுத்தி ஆற வைத்தேன். வெயிலுக்குப் பேர் போன இந்த ஊரில் சூடு போதவில்லை என்று ஒருவர் முறையிட முடியும் என்பது எனக்கும் தோன்றவில்லை, மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவர் மார்பில் முகத்தை வைத்து அழுதேன். உள்ளே ஆள் இருந்தார். முழுசாக இருந்தார்.

மெக்கானிக்கிடம் போய் வால்வை மாட்டச் சொன்னேன். கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டு, "கம்மியாவலையே" என்று தாடையைச் சொறிந்தார். கேஸ்கெட் போயிருந்தால் குறைந்திருக்குமாம். ஆயிலை மாற்றி, வால்வை மாட்டிக் கொடுத்தார். "பாயா சொன்னாரு?" என்று சீட்டில் இருந்தவரைக் குனிந்து பார்த்து, சலாம் வைத்தார்.

அந்த மாதம் வேலூர் போகும்போது கலசபாக்கம் வருமுன்பே தண்ணி முள் தொண்ணூறுக்கு வந்து அசையாமல் நின்றது. போளூர் தாண்டுவதற்குள் ஆயில் முள்ளும் வந்து சேர்ந்தது. அவர் கை மடியிலேயே கிடந்தது. கண்ணாடியை ஒரு தடவைகூடத் தட்டவில்லை. டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கும் சந்தோஷம். "புரியுதுங்கிறது தெரிஞ்சிடுச்சும்மா. ஆனா பேச்சு வரும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது" என்றார்.

திரும்பும் வழியில் மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டேதான் வந்தேன்.

சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வந்தேன். அவர் என் கையைப் பிடித்தார். கேட்டைக் காட்டினார்.

இத்தனை மாதமும் அது நோயின் தடுமாற்றம் என்று நினைத்து, பாவப்பட்டு, கூட்டிப் போய் நிறுத்திக் கூட்டி வந்தேன். இப்போது அப்படி நினைக்க வழியில்லை. மீட்டரைத் தட்டியது போல இதுவும் ஒரு பேச்சு. தினமும் சொல்கிறார். சரியாகத்தான் சொல்கிறார்.

"வெளிய போவணுமா? இல்ல, அது இல்ல. யாராவது வரணுமா? பாப்பா வரணுமா? கேட்டை மாத்தணுமா? வண்டி ஏதாவது..."

"ஆமா. ஆமா. ஆமா."

எதிரே உட்கார்ந்து தெரிந்ததையெல்லாம் கேட்டேன். பள்ளிவாசலா, பழைய கூட்டாளிகளா, செத்துப்போன அவர் அம்மாவா. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். கை மட்டும் கேட்டை விட்டு நகரவில்லை. கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் காட்ட இதற்கு ஒரு சாமானும் இல்லை, அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. வெளிச்சம் குறைந்தது. நான் ஓய்ந்து போனேன்.

"எனக்குப் புரியலைங்க" என்றேன். அதுவரை அவரிடம் நான் சொல்லாத ஒன்று அது.

நீட்டிய கையை இறக்கினார். என் கைமேல் வைத்து, மெல்லத் தட்டிக் கொடுத்தார்.

"ஆமா" என்றார்.