குழாயடியிலிருந்து மகாபலிபுரம் வரை

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். படித்து முடித்ததும் மேரி டீச்சர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், குழாயடியில் இதைப் பற்றிப் பேசவும் வேண்டாம். என் பெயரை நான் எழுதவில்லை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்தாலும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவைப் பொறுத்தவரை நான் மகாபலிபுரம் போகவேயில்லை. அந்த மூன்று நாளும் கருங்குழியில் சித்தி வீட்டில் இருந்தேன்.

நம் சாயங்கால வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுதச் சொல்லி டீச்சர் எல்லோரையும் கேட்டார். அடுத்த மே மாதம் மகாபலிபுரம் லீவு முகாமுக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு உதவுமாம். பகலில் எழுத முடியாது. தம்பி என் கையைப் பிடித்து இழுப்பான், அப்பாவிடம் போய்ச் சொல்லவும் செய்வான். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு விளக்குத் திரியைச் சின்னதாக்கிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

வெளியிலிருந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் எங்கள் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் துப்புரவு வேலை செய்கிறவர்களுக்காகக் கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸ் இது. வீட்டுக்கு ஓர் அறை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குழாய். தண்ணீர் விடியற்காலை நாலு மணிக்கு வரும். குடம் தூக்குவது பிள்ளைகள் வேலை. கடைசியில் காலியாகக் கிடந்த வீட்டில்தான் மேரி டீச்சர் சாயங்காலம் பாடம் சொல்லித் தருகிறார். சுண்டல் உண்டு. பள்ளிக்கூடத்தில் புரியாத கணக்கு எனக்கு அங்கேதான் புரிந்தது.

முகாமைப் பற்றிக் கேட்க டீச்சர் வீட்டுக்கு வந்தபோது அப்பா எழுந்து நின்றுதான் பேசினார். "படிக்கட்டும் டீச்சர், நான் வேணாங்கல. ஆனா பெரிய பொண்ணு, ராத்திரி வெளில தங்கறதுன்னா ஒத்துக்க மாட்டேன். மீறிப் போச்சுன்னா கிளாஸே வேணாம், அரிசி மில்லுக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அம்மா அப்பாவிடம், "தங்கச்சி வூட்டுக்கு இத அனுப்பறேன், லீவு வுட்டதிலேந்து கேட்டுகினே கீது" என்றாள். பஸ் நிலையத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவளும் அம்மாதான். கருங்குழி பஸ்ஸைத் தாண்டி நடந்து, டீச்சரும் மற்றப் பத்துப் பிள்ளைகளும் நின்ற இடத்தில் என்னை விட்டாள். அம்மா பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. "பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. எங்களுக்கு அரை டிக்கெட், நாற்பது காசு. வலது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் படாது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எங்களுக்கு உட்காரவே இடம் கிடைக்கவில்லை. டீச்சர் சுண்டல் தூக்கோடு வருவதைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, திருக்கழுக்குன்றத்துக் கழுகு மாரி சோத்துக்குக் கூட்டமா கிளம்பிட்டீங்களா?" என்றார். என் சிநேகிதி சரோஜா உடனே, "கழுகுக்கு டிக்கெட் உண்டா அண்ணாத்த? இல்லாங்காட்டி காச திருப்பிக் குடு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் முன்னால் போய்விட்டார், இறங்கும்வரை எங்கள் பக்கம் வரவில்லை.

தங்கியது மீனவர் குப்பத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில். லீவு என்பதால் பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் போட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்த அன்று அலைச்சலில் சாப்பிட்டதும் தூங்கிவிட்டோம். கடலைச் சரியாகப் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஜல்லி லாரி நிற்காமல் கொட்டிக்கொண்டே இருப்பது போன்ற சத்தம்.

அடுத்த நாள் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இருட்டில் சரோஜா என்னை உலுக்கினாள். "ஏய், எழுந்துரு. தண்ணி வந்திருக்கும்டி." நான் எழுந்தபோது மற்றவர்களும் எழுந்திருந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை. முற்றத்தில் அடிபம்பு இருந்தது, வரிசையில் நின்றுவிட்டோம். அண்டா, வாளி, சோற்றுக் குண்டான் எல்லாம் நிரம்பின. பாத்திரம் தீர்ந்ததும் மாவு பிசைகிற தாம்பாளத்திலும் பிடித்தோம். சத்தம் கேட்டு வாட்ச்மேன் தடியோடு ஓடிவந்தார். "எவன்டா அது?" என்று கத்தியவர் எங்களைப் பார்த்ததும் தடியை இறக்கினார். "டீச்சரம்மா, இங்க வந்து பாருங்க. ராத்திரில பூந்து தண்ணி ரொப்பிட்டுப் போற திருடனுங்கள இப்பத்தான் பாக்கறேன்."

டீச்சர் வந்து தாம்பாளம்வரை எல்லாவற்றையும் பார்த்தார். "லீவுக்குத்தானேடீ வந்திருக்கீங்க" என்றார். தாம்பாளத்தைத் தானே தூக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "இனிமே தூக்கம் வராது. வாங்க" என்று கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கடல் நம் கொளவாய் ஏரியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஏரிக்கு அக்கரை உண்டு. இதற்கு இல்லை. முதலில் எல்லாமே கறுப்பு, பிறகு ஓரத்தில் மட்டும் ஈயப் பாத்திரம் துலக்கியது போல ஒரு வெளிச்சம். கட்டுமரங்கள் அதற்குள் போய்க்கொண்டிருந்தன. சூரியன் வந்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு தண்ணீரில் ஓடினார்கள். நான் ஓடவில்லை. இவ்வளவு தண்ணீரையும் யாரும் வரிசையில் நிற்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது எனக்குப் புரியவே நேரமாயிற்று. அம்மா பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

கோயிலும் கல்ரதங்களும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன, அதனால் விரிவாக எழுதவில்லை. காலை பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள். பிறகு கல் சுடும், செருப்பில்லாதவர்கள் நடக்க முடியாது. வெண்ணெய் உருண்டைப் பாறையை எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். அது அசையவில்லை.

கடைசி நாளும் நாலு மணிக்கு விழிப்பு வந்தது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. பாயில் படுத்தபடியே அலையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலையைத்தான் இப்போதும் தினம் குழாயடியில் நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பி வந்து நாலு நாள் ஆகிறது. அம்மாவுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. ஓர் அறை வீட்டில் அப்பாவுக்குக் கேட்காமல் எதைச் சொல்வது? விடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குப் போய்விடுகிறார்கள். குழாய் வரிசையில் நிற்கும்போது மட்டும் அம்மா காதோடு ஒரு கேள்வி கேட்பாள். இன்று கேட்டது, "அக்கரைல இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலம்மா."

"ஒண்ணுமேவா?"

எங்கள் முறை வந்துவிட்டது. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஒண்ணுமே இல்லாத ஒரு எடம். நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

அப்பா கெட்டவர் இல்லை. நான் இல்லாத நாட்களில் அவரே குடம் தூக்கினாராம். "இன்னா மாமா, மீசைய வெச்சிகினு பொம்பள வரிசைல நிக்கற?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, "எம்பொண்ணு லீவுல போய்கீது. அது வர்ற வரைக்கும் நான்தான் பொண்ணு" என்றாராம். ஆனால் கோபம் வந்தால் அவர் வேறே ஆள். தெரிந்துவிட்டால் எனக்கு வகுப்பு போய்விடும். அம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் வந்த அன்றே, "கருங்குழி வெயில் இப்டியா கருக்கும்?" என்று என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஏரிக்கரையில ஆடினேன் நைனா" என்றேன். "சித்திக்கு முட்டி வலி எப்டி கீது? பெரிய ஆஸ்பத்திரிக்கு வரலியாமா? வந்தா மொத நாளே வந்து இங்க தங்குமே" என்றார். "வலி போயிடுச்சாம், இப்பத்திக்கு வரமாட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டேன். யாரும் சொல்லித்தராமலே வாயில் வந்துவிட்டது.

அதனால் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெளிர் நிறப் பாவாடை வேண்டாம். வாந்தி வருகிறவர்கள் ஒரு கொட்டைப் புளி வாயில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது பாவாடை மடிப்பை நன்றாக உதறுங்கள், நான் உதறியும் பாயில் மணல் விழுந்தது. அப்பா அதைக் கையால் தடவிப் பார்த்தார். அம்மா, "ஏரி மணலு" என்று சொல்லிக்கொண்டே பெருக்கித் தள்ளினாள். முடிந்தால் வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். பொய் சொல்லித்தான் போக வேண்டும் என்றால், பொய்யில் யார் பெயர் வருகிறதோ அவர்களிடம் முதலில் சொல்லி வையுங்கள். நாங்கள் சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை. கருங்குழியிலிருந்து வரும் கீரைக்காரம்மா செவ்வாய்க்கிழமைதான் வருவார், அவரிடம்தான் அம்மா சொல்லி அனுப்பப்போகிறாள். நாளை செவ்வாய். இந்த ஓர் இரவு கழிந்தால் பயமில்லை.

அப்புறம் ஒருநாள் அம்மாவை நானே கூட்டிக்கொண்டு போவேன். நாலு மணிக்கு எழுப்புவேன். குடம் இல்லாமல், வெறுங்கையோடு

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இந்த நேரத்தில் யார்? மறுபடியும் தட்டுகிறார்கள்.

"யக்கா, தொற. நான்தான். முட்டி வலி தாங்கல, காலைல ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அவரைத் தாண்டிக் கதவுக்கு