சவுதா ஜி

போன ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை என் தங்கை மகனுடைய சிநேகிதன். போகாமல் இருந்திருக்கலாம். போனேன் — பிரியாணிக்காகத்தான் போனேன் என்று என் தங்கை சொல்வாள், நம்பாதீர்கள்.

மேடைக்குப் பக்கத்தில் லைட் மியூசிக். ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். பக்கத்து நாற்காலி அம்மா என்னிடம் என்னவோ கேட்டார். "ஆமாம்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. என்ன கேட்டாரோ... கடைசிவரை தெரியவில்லை.

பிறகு வாத்தியக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். கிடார் வாசித்த இளைஞர் மட்டும் போகவில்லை. ஒயர் இல்லாத ஒரு மரக் கிடாரை உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல் மெதுவாக வாசித்தார். கூடவே முணுமுணுப்பு. கட்டை விரல் ஒழுங்காக ஒரே நடையில் போகிறது. மற்ற விரல்கள் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வந்து சேர்கின்றன. குரல் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் தன் பாட்டுக்குப் போகிறது.

கையில் தட்டோடு போய்க்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

இது என்ன பாட்டு தம்பி என்று கேட்டேன். "போஸா நோவா ஆன்ட்டி. பிரேசில் ஸ்டைல். ரொம்பப் பழசு, ஆனா மனசை வுட்டுப் போவ மாட்டேங்குது" என்றார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, உங்களுக்குத் தெரியுமா என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

தெரியுமாவா? அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

என் இட்லி மாவுப் புலம்பல்களையும் பல் டாக்டர் கதைகளையும் வாராவாரம் பொறுத்துக்கொள்கிற நீங்கள், இந்த வாரம் இதையும் கேட்டுவிடுங்கள். இதுவரை என் கணவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில்லை. எழுத உட்காருவேன். வேறு எதையாவது எழுதிக் கொடுத்துவிடுவேன்.

எழுபதுகளில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் நான் ஸ்டெனோ. அங்கே டிரம் யார்டில் சூப்பர்வைசர் அருமைராஜ். தோல் ஊறுகிற அந்தப் பெரிய மர டிரம்கள் சுற்றும்போது எழும் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. இவர் பேசினால் மட்டும் கேட்கும். யார்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, என் டைப்ரைட்டரைத் தாண்டிக் கேட்கும். ஆளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்கு அந்தக் குரல் பழக்கம். பிறகு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழுவின் கடைசி வரிசையிலிருந்து அதே குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான்... கல்யாணம்.

எங்கள் கம்பெனிக்குப் பிரேசிலிலிருந்து வாட்டில் வரும். தோல் பதனிடுகிற மரப்பட்டைச் சத்து. அதை எப்படிக் கலக்க வேண்டும் என்று காட்டுவதற்கு ஒரு டெக்னீஷியன் வந்து கெஸ்ட் ஹவுஸில் சில வாரம் தங்கினார். பெயர் பாவுலோ. எங்கள் பக்கத்து வீட்டுத் தோல் தரகர் கரீம் பாய், பார்த்த முதல் நாளே அவரைப் 'பாவ்லா சார்' ஆக்கிவிட்டார். நம்மூரில் பாவ்லா என்றால் என்ன அர்த்தம் என்று அந்த நல்ல மனிதரிடம் யாரும் சொல்லவில்லை.

பாவுலோ சாயங்காலமானால் வராந்தாவில் கிடாரோடு உட்கார்ந்துவிடுவார். தனியாகப் பாடுவார். பாடுவார் என்று சொல்வதா, பேசுவார் என்று சொல்வதா? அடுத்த அறைக்குக் கேட்காது. என் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. கோயிலில் இவரும் கிடார் வாசிப்பவர்தான். ஆனால் பாட்டு என்றால் கூரை அதிர வேண்டும் என்பது அவர் கட்சி. "இன்னா பாட்டு இது? காதுல கொசு பேசறாப்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். பாவுலோ ஊருக்குப் போகும்போது, தானே பாடிப் பதிவு செய்த கேசட் ஒன்றை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அலமாரியில் போட்டோம். மறந்துவிட்டோம்.

அதற்கு அடுத்த வருஷம் இவர் கழுத்தில் கட்டி. வேலூரில் ஆபரேஷன். கட்டி குரல் நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்தது. நரம்போடு எடுக்காவிட்டால் ஆளே மிஞ்ச மாட்டார் என்றார்கள். எடுங்கள் என்று கையெழுத்துப் போட்டவள் நான். ஆள் மிஞ்சினார். குரல் போய்விட்டது.

முழுக்கப் போகவில்லை. காற்று மாதிரி ஏதோ வந்தது. பேசப் பேசத்தான் அதுவாவது நிற்கும், பேசாமல் விட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் கேட்டால்தானே? வாயைத் திறக்கவே இல்லை. முதலாளி நல்ல மனுஷன், இவரை யார்டிலிருந்து அசார்ட்டிங் ஹாலுக்கு மாற்றினார். கையால் தடவித் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. பேச்சுக்கே அவசியமில்லை. எல்லாரும் அதை உபகாரம் என்றுதான் நினைத்தோம்... அதுவே வினையாகிவிட்டது. ஆபீஸிலும் பேச்சில்லை, வீட்டிலும் பேச்சில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவார். ஹோட்டலில் சர்வரைக் கூப்பிடுகிற மாதிரி என் புருஷன் என்னைக் கை தட்டிக் கூப்பிடுகிறாரே என்று சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். சண்டை போட்டாலாவது பேசுவாரா என்று வேண்டுமென்றே குழம்பில் உப்பைக் கொட்டினேன். சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எந்தக் குரலுக்காக அவரைக் கல்யாணம் செய்துகொண்டேனோ, அந்தக் குரல் வேண்டாம். 'சுகந்தி' என்று ஒரு தடவை... காற்றாகவாவது வந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

அப்போதுதான் அந்தக் கேசட் ஞாபகம் வந்தது. குரலே எழுப்பாமல் பாடுகிற ஒரு ஊர் இருக்கிறதே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் போட்டேன். வெளியே கேட்காத அந்தக் குரல், அதற்குக் கீழே ஒற்றைக் கிடார். கொஞ்ச நேரம் கேட்டார். எழுந்து வந்து பட்டென்று நிறுத்தினார். கோபம். கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். கேசட்டை வெளியே எடுக்காமல் அப்படியே விட்டேன். மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது வீட்டில் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. இவர் மடியில் கிடார்.

அந்த விரல் நடை பிடிபடவே சில மாதம் ஆனது. பிறகு, வார்த்தை புரியாமலேயே, காதில் விழுந்தபடி பாட ஆரம்பித்தார். காற்றுக் குரலில். அந்தப் பாட்டுக்கு அதற்கு மேல் குரல் தேவையே இல்லை! கோயிலில் கடைசி வரிசையில் நின்று பாட முடியாத குரல், எங்கள் கூடத்தில் ஒரு குறையும் இல்லாமல் நின்றது. ஆனால் பாட்டு மட்டும்தான். பேச்சு? அது இன்னும் இல்லை.

அந்தப் பாட்டில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வரும். சவுதாஜி... சவுதாஜி...

ஒரு சாயங்காலம் கரீம் பாய் ஏதோ கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டார். அவர் முகத்தில் பெரிய குழப்பம். கடைசியில் உள்ளே வந்து கேட்டேவிட்டார். "இன்னா சார், பாட்டுல சவுதா ஜி சவுதா ஜின்னு வருது? அந்த ஊர்லயும் தோல் மண்டி கீதா?"

எங்கள் பக்கம் சவுதா என்றால் வியாபாரம். பேரம் முடிந்தால் 'சவுதா ஆச்சு' என்பார்கள். தோல் மண்டியில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள்; சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வாழ்க்கை முழுக்க அந்தத் துண்டுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு வேறு எப்படிக் கேட்கும்? பிரேசில்காரன் ஒருவன் தரகரிடம் 'சவுதா ஜி, சவுதா ஜி' என்று கெஞ்சுவதாகவே அவருக்குக் கேட்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு பாயைப் பார்த்து, அந்தக் காற்றுக் குரலில் கேட்டார்:

"இன்னா ரேட்டு பாய்?"

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நான் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாவம், பாய் பயந்துபோய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு வந்துவிட்டது. அந்த மெட்டுக்கு இவரும் பாயும் சேர்ந்து வார்த்தை கட்டினார்கள். 'ஜாஸ்தி சொல்ற ஜி... கம்மி பண்ணு ஜி... துண்டை எடு ஜி... சவுதா ஜி' என்று போகும். மகா மட்டமான கவிதை. கரண்ட் போனால் எங்கள் தெருவில் அதுதான் கச்சேரி. மாதா கோயில் பக்கத்து நர்ஸ் பெண்கள்கூட வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். கேட்பதற்குக் கிட்டே வந்து உட்கார வேண்டும். வந்தவர்கள் பேச்சை நிறுத்த வேண்டும். இந்தப் பாட்டு ஏன் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது என்றால், இதனால்தான் என்று நினைக்கிறேன். மற்ற பாட்டுகள் நம்மைத் தேடிக்கொண்டு வருகின்றன. இதை நாம்தான் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

இப்படியே சில வருஷம் நன்றாகப் போனது. அந்த வருஷங்களுக்கு ஆண்டவருக்கு நன்றி.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாவுலோ மறுபடியும் வந்தார். அதற்குச் சில நாள் முன்னால்தான் வேலூரில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். கட்டி மறுபடி வந்திருக்கிறது. இந்தத் தடவை நுரையீரலில். எடுக்க முடியாது. நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

பாவுலோவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். சாப்பாடு முடிந்ததும் இவர் பெருமையாகக் கிடாரை எடுத்து எங்கள் சவுதா ஜியைப் பாடினார். தன் பாட்டு ஆம்பூரில் உயிரோடு இருப்பதைப் பார்த்துப் பாவுலோ குழந்தை மாதிரி கை தட்டினார். வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் விளக்கினேன் — வியாபாரம், பேரம், துண்டு. விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அவர்கள் பாஷையில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சொன்னார்.

இருந்த ஒன்று இப்போது இல்லை. இனி வராது என்றும் தெரியும். ஆனாலும் மனசு வாசலில் போய் நின்றுகொண்டே இருக்கிறதே... அதுதான் சவுதாஜியாம். ஏக்கம் என்று சொன்னால் போதாதாம். ஆள் போன பிறகுதான் வரும் என்பதும் இல்லையாம். எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, போகப்போகிறார் என்று தெரிந்தால் அப்போதே வந்துவிடுமாம்.

இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கிடாரை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

அதன் பிறகு எடுக்கவில்லை. வீடு மறுபடி அமைதியாகிவிட்டது. எனக்குப் பாவுலோ மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வந்தோமா, பிரியாணி சாப்பிட்டோமா, போனோமா என்று இருக்கக் கூடாதா? எங்களுக்கு இருந்த கொஞ்ச நாளையும் அர்த்தம் சொல்லிக் கெடுத்துவிட்டாரே! மிச்சமிருக்கிற மாதங்களில் இவர் சத்தம் வீட்டில் இருக்க வேண்டும். வேறெதையும் நான் கேட்கவில்லை. கடவுளிடம்கூட அதை மட்டும்தான் கேட்டேன்.

மழை தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், கிடாரை நானே எடுத்துக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். பாடுங்க என்றேன்.

"அர்த்தம் தெரிஞ்சிடுச்சே சுகந்தி. இனிமே எப்டிப் பாடறது?"

"பாய் சொன்ன அர்த்தத்துலயே பாடுங்க. எனக்கு அது போதும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாடினார். ஜாஸ்தி சொல்ற ஜி... கம்மி பண்ணு ஜி... மூச்சு வாங்கியது. வாங்கும்போது விரலை மட்டும் ஓடவிட்டார். சவுதா ஜி என்கிற இடம் வந்ததும் எப்போதும்போல் ஒரு புருவத்தைத் தூக்கினார். நானும் எப்போதும்போல் அந்த இடத்தில் சிரித்தேன். அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியும். தெரியும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் வியாபாரம் என்று பாடினார், நான் வியாபாரம் என்று கேட்டேன். அதற்கப்புறம் முடிந்த நாளெல்லாம் பாடினார். முடியாத நாளில் கட்டை விரல் மட்டும் போர்வைமேல் அந்த நடையைத் தட்டிக்கொண்டிருக்கும்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால் போய்விட்டார்.

அடக்கத்தன்று பாடகர் குழு முழுக் குரலில் பாடியது. நன்றாகத்தான் பாடினார்கள். எனக்கு ஒரு வரிகூடக் காதில் ஏறவில்லை. கரீம் பாய் கல்லறை கேட் பக்கத்தில் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை. அவராவது சிரித்துக்கொண்டு அதை ஞாபகம் வைத்திருக்கட்டுமே.

காட்பாடி இளைஞர் சொன்னது சரிதான், இந்தப் பாட்டு மனசை விட்டுப் போகாது. இது ஊருக்காகப் பாடுகிற பாட்டு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும்.

நான் இருக்கிறேன்... பாடத்தான் ஆளில்லை.