முகமூடிக்குள் ஒரு காற்றாடி

மூடிய தலைக்குள் காற்றையும் குரலையும் சேர்த்து வைப்பது என் தொழில். இரண்டும் ஒன்றையொன்று கண்டால் ஆகாத பங்காளிகள்.

இப்படியும் ஒரு தொழிலா என்று கேட்பீர்கள். மயிலாப்பூரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த எனக்கே அது முதலில் தெரியாது. நாடகக்காரர்களுக்குச் சிங்கத் தலை, கடைக்காரர்களுக்குக் கரடித் தலை, பொருட்காட்சிக்காரர்களுக்கு இயந்திர மனிதன் தலை என்று காகிதக் கூழில் செய்து, வர்ணம் பூசி, என் மேஜைமேல் கொண்டுவந்து வைப்பார்கள். உள்ளே இருப்பவன் மூச்சுவிட ஒரு சின்ன மோட்டாரும் தகர இறக்கைகளும், அவன் பேசுவது வெளியே கேட்க ஒரு மைக்கும் மார்பில் ஒரு ஸ்பீக்கரும் நான் பொருத்த வேண்டும். காற்றாடி ஓடினால் அதன் இரைச்சல் மைக்கில் ஏறி, பேச்சோடு கர்ரென்று வெளியே வரும். காற்றாடியை நிறுத்தினால் குரல் சுத்தமாக வரும். ஆனால் உள்ளே இருப்பவன் வெந்துபோவான். பாட்டரியைத் தனித்தனியாக்கினேன். மோட்டாரைப் பஞ்சில் சுற்றினேன், ரப்பரில் தொங்கவிட்டேன். இரைச்சல் குறைந்தது; போகவில்லை.

கூலி கொடுப்பவர் ஒருவர், அவஸ்தைப்படுபவர் இன்னொருவர் என்று அமைந்த வேலை எதையாவது நீங்களும் செய்திருப்பீர்கள். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் முழித்திருப்பீர்கள். அப்படியானால் நாம் உறவுக்காரர்கள், மேலே படியுங்கள்.

சந்திரனிலிருந்து வந்தவன்

மனிதன் சந்திரனில் கால் வைத்த வருடம் அது. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. தீபாவளிக்குக் கடை வாசலில் ஒரு விண்வெளி வீரன் நின்று ஜனங்களைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. உள்ளே நிற்க ஆளையும் அவரே பிடித்து வைத்திருந்தார். பெயர் கன்னியப்பன். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருப்பவன். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வரவேண்டும், அவ்வளவு உயரம்.

வெள்ளித்தாள் ஒட்டிய தலையை அவனுக்கு மாட்டி, இடுப்பிலிருந்த இரண்டு சுவிட்சுகளையும் போட்டேன். ஒன்று குரலுக்கு, ஒன்று காற்றுக்கு. காற்றாடி அருமையாக ஓடியது. "சந்திரனிலிருந்து வந்திருக்கிறேன், வாருங்கள்" என்று கன்னியப்பன் சொன்னது மாவாக அரைபட்டு வெளியே வந்து விழுந்தது. உள்ளே குளுமையாக இருக்கிறதா என்று நான் சைகையில் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தக் கவலை. அண்ணாச்சிக்கு வேறு கவலை. கல்லாவிலிருந்து எழுந்து வந்தவர் காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "ஏ தம்பி, சந்திரன்ல மாவு மில்லுல்லா ஓடுது!"

சுத்தமான குரல்

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். பனகல் பார்க்கிலிருந்தே நகர முடியாத கூட்டம். கடை இன்னும் கண்ணில் படவில்லை, கன்னியப்பனின் குரல் மட்டும் கேட்டது. கண்டாங்கிச் சேலை, குழந்தைகளுக்குக் கவுன், ஆண்களுக்கு டெர்லின் சட்டை என்று ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. பக்கத்தில் போனவர்கள், "என்ன கணீர்னு பேசறான் பாரு" என்று மெச்சினார்கள். அந்தக் கூட்டத்தில் மெச்சாதவன் நான் ஒருவன்தான். குரல் அத்தனை சுத்தமாக இருந்தால் காற்றாடி ஓடவில்லை என்று அர்த்தம்.

முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடினேன். சுற்றிலும் குழந்தைகள் அவன் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தன. முகத்துக்கு முன்னாலிருந்த கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதற்குப் பின்னால் அவன் முகம் ரத்தமாகச் சிவந்து, கண் பாதி மூடியிருந்தது. இடுப்பில் கையைவிட்டுக் காற்றாடி சுவிட்சைத் தேடினேன். உறை போட்ட கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மார்பிலிருந்த ஸ்பீக்கர் தெரு முழுக்கக் கேட்கச் சொன்னது: "யோவ் நைனா, இப்பதான் ஜனம் காது குட்த்து கேக்குது, கெடுக்காத போ!"

ஈட்டிக்காரன்

மறுநாள் டீக்கடையில் வைத்து அவனைத் திட்டினேன். மயங்கி விழுந்து செத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவன் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். பிறகு சொன்னான். சின்ன வயதில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். உயரத்தைப் பார்த்துச் சேவகன் வேஷம் கொடுத்தார்கள். கடைசி வரை சேவகன்தான். கம்பெனி மூடியபோதும் கையில் ஈட்டியோடுதான் நின்றுகொண்டிருந்தான்.

"அதுக்கும் மூச்சு முட்டறதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றேன். கன்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தான்: "எத்தினி வருசம் ஈட்டிய புட்ச்சினு நின்னேன் தெரியுமா நைனா? ராஜா செத்தாகூட நான் ஒரு 'ஐயோ' சொல்லக்கூடாது."

தீக்குச்சி

நானும் விடவில்லை. அடுத்து ஒரு கடையின் பொங்கல் விற்பனைக்குக் கரடித் தலை வந்தது. உள்ளே அதே கன்னியப்பன்தான். இரண்டு சுவிட்சை எடுத்துவிட்டு ஒரே சுவிட்சாக வைத்தேன். குரல் வேண்டுமென்றால் காற்றும் வந்தே தீரும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

விற்பனை முடிவதற்குள் கரடித் தலை என் கடைக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தது அவன் மனைவி தனம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். திறந்து பார்த்தேன். இறக்கைகளுக்கு நடுவில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தான். சுழல முடியாமல் மோட்டார் கருகிப்போயிருந்தது. முந்தின நாள் கன்னியப்பன் பஸ் ஸ்டாண்டில் சுருண்டு விழுந்து, யாரோ சோடா வாங்கித் தெளித்து எழுப்பினார்களாம். சொல்லும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அந்தப் பேச்சு மிஷின புடுங்கிப் போட்ரு சார். காத்து மட்டும் இருந்தா போதும். பேசாத கரடியும் கரடிதான?"

யாராக இருந்தால் என்ன

அவள் போனபிறகு கட்டிங் பிளேயரை எடுத்து மைக் ஒயரின்மேல் வைத்தேன். அழுத்தவில்லை. நியாயம் அவள் பக்கம் என்று நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் இன்னொருவன் வாயைக் கட்ட எனக்கு யார் உரிமை கொடுத்தது? விட்டுவிடலாம் என்றால், அவன் விழுந்தபிறகு தனத்தின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஒரு முடிவுக்கு வருவதற்காகக் கரடித் தலையை நானே மாட்டிக்கொண்டேன். கருகிய மோட்டாரைக் கழற்றியிருந்ததால் குரல் மட்டும்தான். என் பெயரைச் சொன்னேன். என் பெயரை அத்தனை பெரிதாக நான் கேட்டதே இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். அண்ணன் இருந்தபோது அவரிடம் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். பேசப் பேச, வியர்வை கழுத்தில் வழிவது எனக்கு உறைக்கவேயில்லை என்பதுதான் பயங்கரம். வாசலில் தெற்கு மாடவீதி மாமி எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியாது. கரடி திரும்பியதும் அவர் சற்றும் அசராமல் கேட்டார்: "நீங்க யாரா வேணா இருங்கோ, என் ரேடியோ ஆச்சா?"

தூண் உறுமக் கூடாது

மயிலாப்பூரில் ஆபீஸ் போகிறவர்கள் சிலர் சேர்ந்து நாடகம் போடுவார்கள். அதற்கு ஒரு காரியதரிசி. எழுதுவது அவர், நடத்துவது அவர், இரணியனும் அவர். தூணைப் பிளந்துகொண்டு வரும் நரசிம்மருக்கு ஓர் உயரமான ஆள் தேவைப்பட்டது. கன்னியப்பனின் பெயரை நான்தான் சொன்னேன். நரசிம்மருக்கு ஒரே ஒரு வசனம். அதைச் சொல்லிவிட்டால் அவன் ஆசை அடங்கும், பிறகு காற்றோடு சமாதானமாகப் போவான் என்று கணக்குப் போட்டேன்.

காரியதரிசிக்கு அவன் பேச்சின்மேல் சந்தேகம். "நரசிம்மர் 'இன்னா'ன்னா என் மானம் போயிடும், ஓய்" என்றார். கன்னியப்பன் ஆற்றங்கரையில் நின்று அந்த வசனத்தை உருப்போட்டான். ஒத்திகையில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. வேறு வம்பு முளைத்தது. தூண், மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டியது. பின்பக்கம் கறுப்புத் துணி. காட்சி ஆரம்பத்திலேயே அவன் உள்ளே போய் நிற்க வேண்டும். கையில் நகம் வைத்த உறை இருப்பதால் சுவிட்சை முன்கூட்டியே போட்டாக வேண்டும். போட்டால் காற்றாடியின் இரைச்சல் தூணிலிருந்து கசிந்தது. கொஞ்ச நேரம்தானே, இருக்கட்டும் என்றேன். காரியதரிசி கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "தூண் உறுமப்படாது. நரசிம்மர்தான் உறுமணும்."

தூணுக்குள்

நாடகத்தன்று காரியதரிசியின் தீர்ப்பை மீறி, அவன் இடுப்பு சுவிட்சை நானே போட்டேன். சிங்கத் தலைக்குள் காற்றாடி ஓடுவதைக் கையை வைத்துப் பார்த்துத்தான் தூணுக்குள் அனுப்பினேன். காட்சி ஆரம்பித்தது. பக்கத் திரைக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். தூணிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தீக்குச்சி. உறையைக் கழற்றிச் செருகியிருக்கிறான், சந்தேகமே இல்லை.

இரணியனுக்கு அன்று யோகம். முதல் வசனத்துக்கே கைதட்டல். கைதட்டல் விழ விழ, காரியதரிசி எழுதாததையெல்லாம் பேச ஆரம்பித்தார். மகனாக நடித்தது அவர் மகளேதான். அவளை அவர் மிரட்டினார், கொஞ்சினார், மறுபடி மிரட்டினார். தூண் அசையவில்லை. திரைக்கயிறு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இழுத்தால் கன்னியப்பன் பிழைப்பான். அவன் ஆயுளில் கிடைத்த ஒரே வசனம் போய்விடும். இழுக்காவிட்டால்? கடைசி வரிசையில் தனம் உட்கார்ந்திருந்தாள். கயிற்றைப் பிடித்தேன், விட்டேன், மறுபடி பிடித்தேன்.

ஆர்மோனியக்காரரின் மடியில் ஒரு பனையோலை விசிறி இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு, தவழ்ந்துபோய், தூணின் பின்துணிக்குள் தலையை விட்டேன். இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல் ஆவி அடித்தது. எழுந்து நின்று, சிங்கத்தின் கழுத்துக்குக் கீழே விசிறியை நுழைத்து வீசினேன். அவன் சட்டத்தில் சாய்ந்திருந்தான். அசைவில்லை. மேடையில் என்ன வசனம் ஓடுகிறது என்பது என் காதில் ஏறவில்லை. "கன்னியப்பா, இருக்கியா?" என்று கிசுகிசுத்தேன். பதில் இல்லை. இன்னும் வேகமாக வீசினேன். "டேய், இருக்கியாடா?"

அதே நேரத்தில் இரணியன் கதாயுதத்தைத் தூக்கி, உன் நாராயணன் இந்தத் தூணில் இருக்கிறானா என்று மகனைக் கேட்டுவிட்டு, கைதட்டலுக்காக நிறுத்தியிருக்கிறார். மைக்கை நான் மறந்தே போனேன். சபா முழுவதும் கேட்கும்படி தூண் பதில் சொன்னது: "கீறேன் நைனா."

கூரை பிய்த்துக்கொள்கிற சிரிப்பு. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். கன்னியப்பன் என் விசிறிக் காற்றை இழுத்து நெஞ்சை நிரப்பிக்கொள்வது எனக்குக் கேட்டது. காகிதம் கிழிந்தது. அவன் வெளியே போனான். சிரிப்பு அடங்கக் காத்திருக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. "பகலும் அல்ல" என்றான். சிரித்தார்கள். "இரவும் அல்ல." பாதிப்பேர் சிரித்தார்கள். "உள்ளும் அல்ல, வெளியும் அல்ல." இரைச்சலே இல்லாத குரல். "இரணியா, உன் வரம் முடிந்தது!" என்றபோது எங்கோ ஒரு குழந்தை அலறியது, வேறு சத்தமே இல்லை. காரியதரிசி பின்வாங்கியது நடிப்பல்ல என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் திரை விழுந்ததும் கிழிந்த தூணுக்குள் நின்ற என்னைப் பார்த்து அவர் கேட்டது வேறு: "நரசிம்மருக்குப் பின்னாடி பனியனோட ஒருத்தன் விசிறிண்டு நிக்கறானே, எந்தப் புராணத்துல ஓய் இருக்கு இது?"

வார்

பதில் சொல்ல நேரமில்லை. திரைக்கு இந்தப் பக்கம் கன்னியப்பன் மரம் சாய்வதுபோல் சாய்ந்தான். சிங்கத் தலையின் தோல்வார் வியர்வையில் ஊறி இறுகிப்போய், கொக்கி அவிழவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்தேன். காரியதரிசி கிரீடத்தோடு முழங்காலிட்டு அவன் காலைத் தேய்த்தார். வாரை அறுத்துத் தலையை உருவியபோது அவன் முகம் வெளுத்திருந்தது. ஓடி வந்த தனம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தில் தட்டினாள். கூஜாத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினோம். கண் திறக்கவில்லை. கயிற்றை இழுத்திருக்க வேண்டும், இழுத்திருக்க வேண்டும் என்று எனக்குள் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. தனம் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கடைசியில் அவன் இருமினான். கண் திறந்து மனைவியைப் பார்த்தான், காரியதரிசியைப் பார்த்தான், பார்வை என்னிடம் வந்து நின்றது. உதடு அசைந்தது, கேட்காமல் எல்லோரும் குனிந்தோம். தண்ணீர் கேட்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். "அட்த்த தபா வசனத்த கொஞ்சம் நீட்டா எழுதச் சொல்லு நைனா."

இத்தனை வருடத்தில் தலைக்குள் இருந்தவர்களில் காற்றுப் போதவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர் ஒருவரும் இல்லை. வந்த சண்டையெல்லாம் குரல் போதவில்லை என்றுதான்.