புல்லட்டை விற்ற ஞாயிற்றுக்கிழமை

நேற்றுச் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ரோட்டில் ஒரு புல்லட் போயிற்று. கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. சத்தம் எங்கள் லைன் வீடுகளின் முனைவரை வந்து, உள்ளே திரும்பாமல், கோரமண்டல் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. எங்கள் வண்டி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வண்டி இப்போது பங்காருபேட்டை ரோட்டில் ஓர் ஓட்டல் கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறது. தெரிந்திருந்தும் ஈரக் கையோடு போய் கேட்டின் கொக்கியை எடுத்துவிட்டேன். பிறகு அதை மாட்டிவிட்டும் வந்தேன். எதையும் எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் வீட்டுக்காரர் அந்த வண்டியைச் சமையலறைச் சுவரை ஒட்டிய கொட்டகையில்தான் நிறுத்துவார். விடிவதற்கு முன்னால் அவர் கிளப்பும்போது, அலமாரியில் நான் உயரவாரியாக அடுக்கிவைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். ரொம்ப மெல்லிய சத்தம்தான். ஆனால் பாத்திரம் தானாக ஆடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க இந்த ஊரில் வளர்ந்த பெண்ணால் முடியாது. உங்கள் ஊரில் பாத்திரம் ஆடினால் பூனை என்பீர்கள். எங்கள் ஊரில் பூமி.

தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அடியில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். ராக்பர்ஸ்ட் என்றுதான் குழந்தைகள்கூடச் சொல்வோம். முதலில் பாத்திரம் ஆடும், அப்புறம் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிரும். லைனில் இருக்கிற எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். பெண்கள் வாசலுக்கு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நேராக மேலே, சுரங்கக் குழியான சாஃப்டின் உச்சியைப் பார்ப்பார்கள். இரும்புக் கோபுரத்தின் உச்சியில் பெரிய சக்கரம் ஒன்று உண்டு. அது சுற்றினால் ஆளேற்றும் கூண்டான கேஜ் மேலே வருகிறது, ஆட்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். நின்றால், நின்றதுதான்.

சக்கரம் சுற்றும்வரை யாரும் அழக்கூடாது, ஆண்கள் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் லைன் சட்டம். யார் போட்ட சட்டமோ தெரியாது. அப்பா அடியில் இருந்த ஒரு மத்தியானம் அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். கரண்டியிலிருந்து குழம்பு என் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. சுட்டது. சொல்லவில்லை. சக்கரம் ஒரு உலுக்கு உலுக்கிச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் "சுடுதும்மா" என்றேன். அதற்கு முதுகில் ஒரு அடியும் வாங்கினேன். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி?" என்றாள். அன்று அப்பா வந்துவிட்டார். பக்கத்து வரிசையில் ஒருவர் வரவில்லை.

ஆகவே சுரங்கத்தை மூடியபோது ஊரே மாரில் அடித்துக்கொண்டது. நான் கர்த்தருக்கு ரகசியமாக நன்றி சொன்னேன். என் வீட்டுக்காரர் அடியில் வேலை பார்த்தது கொஞ்சக் காலம்தான். வேலை போன பிறகு ஊரில் பாதி ஆண்களைப்போல அவரும் தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறினார். ஊரைவிட்டுப் புறப்பட்ட ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் தன் பழைய புல்லட்டை அவரிடம் விற்றுவிட்டுப் போனார். கறுப்பு வண்டி, டேங்கில் தங்க நிறக் கோடு. "இந்த ஊர்ல எனக்குக் கெடச்ச தங்கம் இதுதான்" என்று இவர் எல்லாரிடமும் சொல்வார். கேட்டவர்களிடமே மறுபடியும் சொல்வார்.

என் பயம் வேலையைவிட்டு நின்றுவிட்டது என்று நினைத்தேன். அது வேறு ஷிப்டுக்கு மாறியிருந்தது.

காலையில் வண்டி ஸ்டேஷனுக்குப் புறப்பட்டால் காதாலேயே சத்தத்தின் பின்னால் போவேன். சிறுபாலத்தில் ஒரு தடவை தூக்கிப்போடும். சர்ச் திருப்பத்தில் தணியும். ரயில்வே கேட்டுக்கு அப்புறம் ஒன்றும் கேட்காது. சாயங்காலம் அதே சத்தம் தலைகீழாக வரும்: ரயில்வே கேட், சர்ச், சிறுபாலம். சிறுபாலத்தில் தூக்கிப்போடும் சத்தம் வந்ததும் நான் கேட்டைத் திறப்பேன்.

"இன்னாடி, கேட்டாண்டையே நிக்கிற? நான் இன்னா சொரங்கத்துக்கா போய்ட்டு வரேன்? ரோட்டு மேலதான போறேன்" என்பார்.

"ரோட்டு மேலதான் லாரியும் வருது."

"லாரிக்காரன் உனக்குப் பயந்துதான் ஓரமா போறான்."

சிரிப்பேன். மறுநாள் காலையில் திரும்பவும் சிறுபாலம், சர்ச், ரயில்வே கேட்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ரயில் வந்தது, சத்தம் வரவில்லை. பெங்களூரில் வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். லாரியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அவர் நெஞ்சைப் பற்றி யோசிக்கத் தோன்றவே இல்லை. வண்டி கோரமண்டல் ஸ்டேஷனில் அவருக்காகக் காத்திருந்தது. அடக்கம் முடிந்த பிறகு அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிளப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர்கள்.

தார்ப்பாய் போட்டு மூடினேன். காற்றுக் காலத்தில் சுரங்கக் கழிவு மேட்டிலிருந்து பறந்து வரும் சாம்பல் நிறத் தூள் எந்தத் தார்ப்பாய்க்குள்ளும் நுழையும். வாரம் ஒருமுறை துடைப்பேன். துடைக்கும்போது பெட்ரோலும் பழைய தோலும் கலந்த வாசனை வரும். அவருடைய மழைக்கோட்டின் வாசனை. அது எனக்குப் போதும் என்றுதான் இருந்தேன்.

எங்கள் மகள் பெனிட்டா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை ரயிலில் வருவாள், திங்கட்கிழமை போய்விடுவாள். கால்பந்து மைதானத்தில் அவர்தான் அவளுக்கு அந்த வண்டியைப் பழக்கினார். ஒருநாள் தார்ப்பாயை விலக்கிவிட்டு, "அம்மா, வண்டி சும்மாதான கீது, நான் எடுத்துக்கினு போறேன். ஹைவேல போனா ஜாலியா போயிடலாம்" என்றாள்.

ஜாலியா. அன்றிலிருந்து எனக்கு ஹைவே லாரிகளின் பின்பக்கம் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. அவள் குளிக்கும்போது சாவியை அரிசி டின்னுக்குள் மாற்றிவைப்பேன். அவள் போன பிறகு திரும்ப ஆணியில் மாட்டுவேன். கடைசியில், "வண்டியை விக்கப் போறேன்" என்று அவளிடமே சொல்லிவிட்டேன். அவள் சண்டை போட்டாள், அழுதாள், ஒரு வாரம் பேசவில்லை. நான் அசையவில்லை.

கேட்டு வந்தவர்களில் ஒரு மெக்கானிக் இருந்தார். வண்டியைக் குழந்தையைப்போலத் தடவிப் பார்த்தார். தினமும் ஓட்டுவேன் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அந்தச் சத்தம் இதே ரோட்டில் போய்க்கொண்டிருந்தால் நான் என்ன செய்வது? அடுத்து ஓட்டல்காரர் வந்தார்.

"ஓட்டுவீங்களா?" என்றேன்.

"ச்சே ச்சே, இல்லம்மா. ஓட்டல்ல சும்மா நிக்க வெப்போம். ஜனங்க ஃபோட்டோ புடிப்பாங்க. பெட்ரோலே ஊத்த மாட்டோம்."

"அப்ப எடுத்துக்குங்க" என்றேன். இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில் அவருக்கே வண்டிமேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆள் அனுப்பி, எண்ணெய் மாற்றி, ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது ஓட்டல்காரர் மினி லாரியோடு வாசலில் நின்றார். பெனிட்டா ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஒரே ஒரு ரவுண்டும்மா. அப்பா போற மாதிரி ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். அப்புறம் அவரு ஏத்திக்கினு போவட்டும்."

"வேணாம்."

"நீ பயந்தீன்னா போவல. ஆனா நீ எப்பதாம்மா பயப்படாம இருந்த?"

உள்ளே போய் அவருடைய ஹெல்மெட்டை எடுத்துவந்து, நானே அவள் தலையில் மாட்டி, வாரை இழுத்து முடிந்தேன். கழுத்து வலிக்கிறது என்றாள். வலிக்கட்டும் என்றேன்.

அவள் கிக்கரை மெல்ல அழுத்தி, மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை காத்திருந்து, ஒரே உதையில் கிளப்பினாள். அச்சாக அவர்தான். உள்ளே டம்ளர்கள் கிணுகிணுத்தன. சிறுபாலம். சர்ச் திருப்பம். ரயில்வே கேட். பிறகு ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு ராணியக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் புருஷனைச் சுரங்கம் எடுத்துக்கொண்டு பல வருடமாகிறது.

"இன்னாமே, மூஞ்சி செத்துக்கீது? வந்துடுவா. அப்பனாட்டம் ஸ்பீடு."

"அதுதாங்க்கா பயம்."

"உனுக்குப் பயப்படறதுக்கு ஏதாவது ஒண்ணு வோணும். இல்லாட்டி பயம் இல்லியேன்னு பயந்துக்குவ."

ஓட்டல்காரர் வாட்ச்சைப் பார்த்தார். திரும்பி வரவேண்டிய நேரம் ஆகிவிட்டிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம். ரயில்வே கேட் பக்கமிருந்து, படாரென்று ஒரு வெடிப்பு. தகரக் கூரைகளில் மோதி லைன் முழுக்க ஓடியது.

கதவுகள் திறந்தன. வயதான பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி கையில் முறம், ஒருத்தி பாதி வாரிய தலை. ரோட்டை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

"சக்கரம் சுத்துதா பாருமே" என்றாள் ராணியக்கா. அவளுக்கு இப்போது பார்வை மங்கல்.

நானும் பார்த்தேன். நின்று இருபது வருடத்துக்கு மேலாகிற சக்கரம். துரு ஏறி, ஒரு பக்கம் காக்கைக் கூடோடு நின்றது. சுற்றவில்லை. சுற்றாது என்று புத்திக்குத் தெரியும், கால்களுக்குத் தெரியவில்லை. அவை என் அம்மாவின் கால்களைப்போலத் தரையில் ஒட்டிக்கொண்டன. வாய்வரை வந்த மகளின் பெயரைப் பல்லால் கடித்து நிறுத்தினேன்.

"இன்னாம்மா ஆச்சு? சைலன்சர்ல அடிச்சிருக்கும். எல்லாரும் மேல எதப் பாக்கறீங்க?" என்று சிரித்த ஓட்டல்காரர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஓடினேன். செருப்பில்லாமல் ஓடினேன் என்பது பிறகுதான் தெரிந்தது. சிறுபாலத்தைத் தாண்டி, சர்ச் திருப்பத்தில், அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"படார்னு அடிச்சு ஆஃப் ஆயிடிச்சும்மா... இன்னாம்மா நீ, செருப்புகூட இல்லாம?"

அவள் தோளைத் தொட்டேன், கையைத் தொட்டேன், ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து தள்ளினோம். லைனுக்குள் திரும்பியபோது பெண்கள் அப்படியே நின்றிருந்தார்கள். சுரங்கம் மூடிய பிறகு பிறந்தவள் அவள்.

"எல்லாரும் எதுக்கும்மா மேலயே பாத்துக்கினு கீறாங்க?"

சொன்னேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே அவளும் அண்ணாந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள்.

"அப்பா போனப்பல்லாம் நீ தெனமும் இப்படித்தான் இருந்தியா?"

"தெனமும்."

வீட்டுக்கு வந்ததும் பலகையைச் சாய்த்து வண்டியை ஏற்ற அவளே கைகொடுத்தாள். ராணியக்கா சத்தமாக, "வந்துட்டாளா? உள்ள போங்க எல்லாம்" என்றாள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

ஷிப்டுக்குக் கூவிய சங்கு போய்விட்டது. அந்தச் சக்கரத்தையும் ஒருநாள் பழைய இரும்புக்குப் போடுவார்களாம். அன்று வாசலுக்கு வந்தவர்களில் ஒருத்தி போன மாதம் தவறிவிட்டாள். நான் மட்டும் பயம் போவதற்காக ஒன்றை விற்றேன்; பயம் போகவில்லை. வண்டிச் சத்தம் போகும்போதுதான் பயமாக இருந்தது. வரும்போது அதுதானே பயத்தை நிறுத்தியது? இந்த எளிய கணக்கை, எல்லாவற்றையும் உயரவாரியாக அடுக்குகிற நான் போடாமல் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பெனிட்டா ஸ்டேஷனிலிருந்து நடந்துதான் வருகிறாள். சாயங்காலமே கேட்டருகில் போய் நிற்கிறேன். முன்பெல்லாம் அவர் வருவது சிறுபாலத்திலேயே தெரிந்துவிடும். இப்போது அவள் கை கொக்கியில் படும்வரை ஒன்றும் தெரிவதில்லை.