ஒரே கையெழுத்தில் இரண்டு மாணவர்கள்

1959 ஆனி மாதம் சென்னையிலிருந்து ஒரு தபால் கட்டு தென்காசியில் குத்தாலிங்கம் வீட்டுக்கு வந்தது. வணிக நிர்வாக டிப்ளமாவின் முதல் நான்கு பாடங்கள் அதில் இருந்தன. குத்தாலிங்கம் கட்டைப் பிரிக்கக்கூட இல்லை. அரிசி டிரம் மேல் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு குற்றாலம் பஸ்ஸுக்கு ஓடினான்.

குற்றாலத்தில் வல்லிநாயகம் அண்ணாச்சியின் லாட்ஜில் அவன் உதவி மேனேஜர். முப்பத்திரண்டு அறைகள். சாரல் விழத் தொடங்கிவிட்டால் அறுபது குடும்பங்கள் வந்து வாசலில் நிற்கும். பழைய மேனேஜர் இரண்டு மூன்று வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறார்; டிப்ளமா வாங்கினால் அந்த இடம் உனக்குத்தான் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அந்த ஆசையில் பணம் கட்டிச் சேர்ந்தவன், சேர்ந்த நாளோடு படிப்பை மறந்துபோனான்.

கட்டைப் பிரித்தது அவன் மனைவி முத்துவடிவு. பாளையங்கோட்டையில் சரித்திரம் எடுத்து பி.ஏ. முடித்தவள். எம்.ஏ. சேர மனுப் போட்ட மாதத்தில் கல்யாணம் நிச்சயமானது. அதன்பின் மனுவைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது மூன்று வயதில் அகிலா என்றொரு பெண். அகிலா தூங்கும் மத்தியான நேரத்தில் பொழுது போகாமல்தான் முதல் பாடத்தைப் படித்தாள். படித்து முடித்தபோது அடுக்களையில் பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஐந்து கேள்விகள். பதில் எழுதி மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். மாதக் கடைசி வந்தது. குத்தாலிங்கம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"ஏட்டி வடிவு, நீதான் படிச்சிட்டேல்லா. அந்த அஞ்சையும் எழுதிப் போட்டுரு. இந்த ஒரு மாசம் மட்டும். சீசன் முடியட்டும், நான் ஒக்காந்து படிக்கேன்."

"நீங்க படிக்கணும்னுதான சேந்திய?"

"படிப்பேம்ட்டி. இப்ப எங்கன நேரம் இருக்கு?"

சீசன் முடிந்தது. தீபாவளிக் கூட்டம் வந்தது. பிறகு ஐயப்பன் கோயிலுக்குப் போகிறவர்கள். பிறகு லாட்ஜுக்கு வெள்ளையடிப்பு. பிறகு மறுபடி சாரல். ஒன்றரை வருஷத்தில் பதினெட்டு விடைத்தாள்கள் சென்னைக்குப் போயின. பதினெட்டும் முத்துவடிவின் கையெழுத்து. அடியில் மட்டும் குத்தாலிங்கத்தின் கையொப்பம்.

பாடங்கள் எல்லாம் தொழிற்சாலையைப் பற்றியே பேசின. முத்துவடிவு தொழிற்சாலையைக் கண்டதில்லை. அவளுக்குத் தெரிந்தது லாட்ஜ்தான். அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது பற்றிய கேள்விக்கு, எல்லா அறைச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டு அருவிக்குக் குளிக்கப் போய்விடும் ஒரு முதலாளியைப் பற்றி எழுதினாள். அவர் தலை துவட்டித் திரும்பி வரும்வரை கைக்குழந்தைக்காரிகள் நனைந்தபடி நிற்பதையும், சாவிகளை ஒரு பலகையில் மாட்டி அலுவலகத்திலேயே வைத்தால் அது நின்றுவிடும் என்பதையும் எழுதினாள். சென்னையில் திருத்துகிறவர் ஓரத்தில் சிவப்பு மையால், "மிக நன்று, நேரில் கண்டு எழுதியிருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார்.

குத்தாலிங்கம் அதைப் படித்துப் பதறினான். "ஏட்டி, இது நம்ம அண்ணாச்சிதான? யாராவது அவுககிட்ட காட்டிட்டா என் வேலை போயிரும்லா!"

ஆனால் அடுத்த வாரமே அண்ணாச்சியிடம் அந்தச் சாவிப்பலகை யோசனையைத் தன் யோசனையாகச் சொன்னான். பலகை வந்தது. அண்ணாச்சி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து அவன் அதைச் சொன்னபோது முத்துவடிவு தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னொரு தோசை கேட்டான்.

1960 டிசம்பரில் மதுரையில் பரீட்சை. ஐந்து தாள். முதல் நாள் இரவு ரயிலில் படித்துக்கொள்வதாகச் சொல்லிப் போனான். ரயிலில் நல்ல தூக்கமாம். முடிவு வந்தபோது நான்கு தாளில் தோற்றிருந்தான்.

"எவ்வளவு சொன்னேன், ஒரு தடவையாவது பெரட்டிப் பாருங்கன்னு!"

"நீ சொல்லுதது சரிதான். கேள்வி எல்லாம் லேசுதாம்ட்டி. நீ எழுதி அனுப்புனதுல இருந்துதான் அப்படியே கேட்டிருந்தான்."

இதைத் தேற்றுவதற்காகவே சொன்னான்.  மறுநாள் காலை முத்துவடிவு தலை வாரிக்கொண்டே சொன்னாள்: "நான் சேருதேன். என் பேருல."

"நீ எதுக்கு? உனக்கு யாரு மேனேஜர் வேலை தரப்போறா?"

அவளிடம் காரணம் இருந்தது. வடக்கே ஒரு பல்கலைக்கழகம் பெண்களைக் கல்லூரிக்குப் போகாமலே வணிகவியல் எம்.ஏ. எழுத விட்டது. பி.ஏ.யில் வேறு பாடம் எடுத்தவர்கள் முதலில் வணிக நிர்வாகத்தில் ஒரு டிப்ளமா வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. பேப்பரில் வந்த அந்த அறிவிப்பை அவள் வெட்டி வைத்திருந்தாள். டிப்ளமாப் பாடம் முழுவதும் ஏற்கெனவே அவள் தலையில் இருந்தது. பேரும் கையொப்பமும்தான் பாக்கி.

1961 வைகாசியில் சேர்ந்தாள். அதே பாடங்கள், அதே கேள்விகள். பழைய விடைகளின் நகலைப் பார்க்காமல் புதிதாகவே எழுதினாள். ஆனால் சாவிக் கதையை எப்படி மாற்றுவது? அவள் கண்டது அந்த ஒரு லாட்ஜைத்தான். மாதக் கடைசிக்குக் காத்திராமல் வாரத்துக்கு ஒன்றாக ஏழு விடைத்தாள்கள் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை. எட்டாவதை அனுப்பியபின் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் வந்தது.

"தங்கள் விடைகள் முன்பு இதே முகவரியிலிருந்து ஒரு மாணவர் அனுப்பியவற்றை ஒத்திருக்கின்றன. கையெழுத்தும் ஒன்றாகவே இருக்கிறது. தங்கள் கணவரின் விடைகளைத் தாங்கள் நகல் செய்வதாகவோ, அவரே தங்களுக்கு எழுதித் தருவதாகவோ கருத வேண்டியுள்ளது. முப்பது நாட்களுக்குள் அவரிடமிருந்து கையொப்பமிட்ட விளக்கம் வராவிட்டால் தங்கள் பெயர் நீக்கப்படும்."

முத்துவடிவு அதை இரண்டு முறை படித்தாள். அவர் எழுதித் தருகிறாராம்! தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. சாயங்காலம் குத்தாலிங்கம் வந்ததும் கடிதத்தை அவன் மடியில் போட்டாள்.

அவன் நிதானமாகப் படித்துவிட்டு, "நீ வேற மாதிரிக் கையெழுத்துல எழுதியிருக்கலாம்லா?" என்றான்.

"என் பேருக்கு என் கையெழுத்துல எழுதுதது தப்பா?"

"தப்புன்னு சொல்லலட்டி. விளக்கம் எழுதுதேன். ஆனா என்னன்னு எழுத? என் பொண்டாட்டிதான் எனக்கும் எழுதுனான்னா? அது அண்ணாச்சி காதுக்குப் போனா என்ன ஆவும்? பழைய மேனேஜர் மாசியோட போறாரு."

"நீங்கதான் பெயிலாயிட்டியளே. இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

"பெயிலானது அவுகளுக்குத் தெரியாதுல்லா. ரிசல்ட் இன்னும் வரலன்னு சொல்லி வச்சிருக்கேன்."

முடிவு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

நாளைக்கு எழுதுகிறேன் என்றான். மறுநாளும் அதையே சொன்னான். பேனாவில் மை இல்லை, நல்ல தாள் இல்லை, இன்றைக்கு அஷ்டமி. ஒரு நாள் எழுதிவிட்டதாகவே சொன்னான். துவைக்க எடுத்த சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது. "ஐயா, வணக்கம்" என்பதோடு நின்றிருந்தது. அன்றைக்கு இருபத்திரண்டாவது நாள்.

முத்துவடிவு சட்டையை ஊறவைக்காமல் அப்படியே கீழே போட்டாள். அகிலாவைப் பக்கத்து வீட்டு மெஹர் பானுவிடம் விட்டுவிட்டு, தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினாள்.

ஆவணி பிறந்தும் சாரல் விடவில்லை. லாட்ஜ் வாசலில் டிரங்குப் பெட்டிகளும் ஈரத் துண்டுகளுமாகக் கூட்டம். எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கிப்பாண்டி கிண்ணத்தோடு தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றவன், "வாங்கக்கா" என்று வழி விட்டான். உள்ளே குத்தாலிங்கம் ஒரு செட்டியாரிடம், பன்னிரண்டாம் நம்பர் இன்னும் ஒரு மணி நேரத்தில் காலியாகும் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான்.

முத்துவடிவு மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து தாளை அவன் முன் வைத்தாள்.

"எழுதுங்க."

"ஏட்டி, இங்கனயா? வீட்டுக்குப் போ. ராத்திரி கண்டிப்பா..."

"நீங்க எழுதுத வரைக்கும் நான் எந்திரிக்கப் போறதில்ல."

செட்டியார் வேடிக்கை பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து வல்லிநாயகம் அண்ணாச்சி ஈர வேட்டியோடு அருவியிலிருந்து வந்து சேர்ந்தார். "என்ன குத்தாலிங்கம், வீட்டுல என்ன விசயம்?"

குத்தாலிங்கம் பதிவேட்டைத் திறந்து அதில் குனிந்துகொண்டான். முத்துவடிவு எழுந்து நின்று ஆதியிலிருந்து சொன்னாள். பதினெட்டு விடைத்தாள், மதுரைப் பரீட்சை, நான்கு தாள், சென்னைக் கடிதம், எதையும் விடவில்லை.  இவர் வேலை இன்றோடு போகிறது என்று நினைத்தாள். போனால் போகட்டும் என்றும் நினைத்தாள்.

அண்ணாச்சி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "அப்ப அந்தச் சாவிப்பலகை?"

"நான்தான் எழுதுனேன்."

அண்ணாச்சி கடகடவென்று சிரித்தார். "ஏலே குத்தாலிங்கம், வீட்டுல இவ்வளவு மூளைய வச்சிக்கிட்டா இங்கன வந்து முழிச்சிக்கிட்டு நிக்க? எழுதிக் குடுலே முதல்ல!"

முத்துவடிவுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிஷம் அவர் அவள் பக்கம் திரும்பினார். "நல்லதாப் போச்சும்மா. பொம்பளையாளை இங்கன மேஜையில ஒக்காத்த முடியாது. நீங்க வீட்டுல இருந்தே யோசிச்சு சொல்லுங்க, இவன் வந்து செய்யட்டும். அந்த டிப்ளமாவும் கிப்ளமாவும் இவனுக்கு வேண்டாம். மாசியில இருந்து இவன்தான் மேனேஜர்."

ஆக, படிக்காதவனுக்கு வேலை கிடைத்தது. படித்தவளுக்கு அவனுக்காக யோசிக்கும் பொறுப்பு கிடைத்தது.  அவள் பேனாவை அவன் பக்கம் தள்ளினாள். குத்தாலிங்கம் இப்போது பயம் தெளிந்து உற்சாகமாக எழுதினான். இரண்டு முறையும் எழுதியவள் என் மனைவியே, எனக்கு அதில் ஒன்றும் தெரியாது என்று நாலே வரி. வாழ்க்கையில் அவன் எழுதியதிலேயே சுத்தமான உண்மை அதுதான். அவளே பஸ் நிலையம் போகும் வழியில் தபாலில் சேர்த்தாள்.

சென்னையிலிருந்து மன்னிப்பு எதுவும் வரவில்லை. எட்டு விடைத்தாள்களையும் திரும்ப எழுதி அனுப்பும்படியும், உதாரணங்களை மாற்றும்படியும் கடிதம் வந்தது. மாற்றினாள். லாட்ஜை விட்டுத் தென்காசி மார்க்கெட்டில் கிதிர் முகம்மது சாயபுவின் வெங்காய மண்டிக்குப் போய், மூட்டை இறங்குவதையும் ஏறுவதையும் நான்கு நாள் பார்த்து எழுதினாள். "லாட்ஜ் உதாரணங்கள் இன்னும் தெளிவாக இருந்தன" என்று சிவப்பு மையில் வந்தது. முத்துவடிவு அந்தத் தாளை நாலாக மடித்துப் புகைந்துகொண்டிருந்த அடுப்பை விசிறினாள்.

1962 டிசம்பரில் மதுரையில் பரீட்சை எழுதினாள். நாற்பது ஆண்கள் நடுவே அவள் ஒருத்தி. கண்காணிக்க வந்தவர், கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அனுமதிச் சீட்டை நீட்டினாள். ஐந்து தாளிலும் முதல் வகுப்பு.

எம்.ஏ. விண்ணப்பமும் நேராகப் போகவில்லை. டிப்ளமாவின் பாடத்திட்டம் வேண்டுமென்று ஒருமுறை திரும்பி வந்தது. கணவரின் சம்மதம் வேண்டுமென்று இன்னொருமுறை. இந்தமுறை குத்தாலிங்கம் அன்றைக்கே எழுதிக் கொடுத்தான். மேனேஜரானபின் அவனுக்கு எழுதும் பழக்கம் வந்திருந்தது. யோசனைகளை அவள் சொல்ல, அவன் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போவான். பரீட்சைக்கு முந்திய மாதங்களில் அவள் வாயை மூடிக்கொண்டாள். "லாட்ஜுல எல்லாம் கொழம்பிப் போச்சுட்டி, ஒண்ணு ரெண்டு சொல்லேன்" என்றவனிடம், "சீசன் முடியட்டும்" என்றாள்.

1966-ல் எம்.ஏ. தேறினாள். மறு வருஷம் பட்டம் தபாலில் வந்தது. முத்துவடிவேல், தகப்பனார் பெயர் ஞானசம்பந்தம், மகன் என்று அச்சடித்திருந்தது.

குத்தாலிங்கம் எட்டிப் பார்த்தான். "இப்படியே இருக்கட்டும்ட்டி. ஆம்பளைப் பேரா இருந்தா வேலை சீக்கிரம் கெடைக்கும்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாள் எடுத்து உட்கார்ந்தாள். திருத்திய பட்டம் வர ஆறு கடிதமும் பதினோரு மாதமும் ஆனது. 1968 ஆனியில் திருநெல்வேலியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். காலை பாசஞ்சரில் போனாள். நிர்வாகம், வணிகம், விலை நிர்ணயம் எல்லாவற்றுக்கும் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். மேஜைக்குப் பின்னாலிருந்த மூன்று பேரும் அவள் சான்றிதழ்களைக் கைமாற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"தென்காசியிலிருந்து தினமும் வந்து போவீங்களா? வீட்டில் சமையல் யார் செய்வாங்க?"

"ரயில்ல வருவேன்," என்றாள் முத்துவடிவு. "சோறு எப்படியும் வெந்துரும்."

அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேரச் சொன்னார்கள்.